அதான் படிச்சு முடிச்சாச்சே!

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சிக்கு ஒரு தம்பி உண்டு. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே சட்டிக் குழம்பு. தம்பி கூட்டுறவு வங்கியில் கிளார்க். கையில் புத்தகம் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கல்யாண வீட்டில் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் நாலு பக்கம் ஓட்டிவிடுகிற ஆசாமி. அண்ணாச்சியோ பஞ்சாங்கம், கடன் நோட்டு இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்றைப் பிரித்தவர் இல்லை. ஒரு தடவை எடைக்கு வந்த பழைய பேப்பரோடு சாண்டில்யனின் 'கடல் புறா' ஒரு பாகம் வந்து சேர்ந்தது. அண்ணாச்சி அதைப் பக்கம் பக்கமாகக் கிழித்துக் கடுகு, சீரகம் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி ஓடி வந்து மீட்டது பாதிதான். மீதிப் பாதி எங்கள் தெரு ரசத்தில் தாளிக்கப்பட்டுவிட்டது.

"எப்படிண்ணே, உங்களுக்குப் படிக்கணும்னே தோணாதா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதான் எட்டாவதோட படிச்சு முடிச்சாச்சே!" என்றார்.

இந்த பதிலை எம்.காம்., பி.இ. முடித்தவர்களும் சொல்கிறார்கள் என்பதுதான் விசேஷம். வகுப்பு மட்டும் மாறும். நம் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் இருக்கிற செக்‌ஷனில் புத்தகம் படிக்கிறவர் இரண்டு பேர், போனால் போகிறது, மூன்று பேர். மற்றவர்களும் நம்மைப் போல நல்லவர்கள், வல்லவர்கள். ஏன் இவர்கள் மட்டும் படிக்கிறார்கள், அவர்கள் படிப்பதே இல்லை?

"டைம் எங்க ஸார் இருக்கு?" என்பது எல்லோரும் சொல்கிற முதல் காரணம். இதை என்னிடம் சொன்ன நண்பர், முந்தின நாள் ஒரு ஒன்-டே மாட்சை டாஸ் போட்டதிலிருந்து பரிசு கொடுத்து மைதானத்தில் விளக்கணைக்கிற வரை பார்த்தவர். எட்டு மணி நேரம்! அதில் ஒரு சின்ன நாவலை இரண்டு தரம் படிக்கலாம். ஆகவே டைம் கேஸ் தள்ளுபடி.

அடுத்தது காசு. இதுவும் முழுக்க நிற்காது. 1985-ல் எரிந்து போகும்வரை சென்னை மூர் மார்க்கெட்டில் டீக்காசுக்குப் புத்தகம் கிடைத்தது. அதற்கப்புறம் திருவல்லிக்கேணி பிளாட்பாரம் இருந்தது. தெருவுக்குத் தெரு வாடகை நூலகம் இருந்தது. ஒன்றுமில்லாவிட்டாலும் அரசாங்க நூலகம் எப்போதும் உண்டு.

மூளை என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். ஒரு புத்தகமும் தொடாமல் நாலு லாரி, இரண்டு கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் ஸ்கூட்டர் மெக்கானிக் இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். அந்த மூளையில் பாதி இருந்தால் நான் இந்தக் கட்டுரையை இன்னும் சீக்கிரம் எழுதியிருப்பேன்.

நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று வருத்தப்படவும் வேண்டாம். புத்தகம் கொட்டிக் கிடக்கிற அமெரிக்காவில், 2021-ல் ப்யூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், வயது வந்தவர்களில் 23 சதவிகிதம் பேர், "போன ஒரு வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூட, ஒரு பகுதிகூடப் படிக்கவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அச்சுப் புத்தகம், எலக்ட்ரானிக் புத்தகம், காதால் கேட்கிற புத்தகம் எல்லாம் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

அப்போ விஷயம் எங்கே இருக்கிறது? எனக்கென்னவோ, முதல் கோளாறு நம் வார்த்தையிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது.

இங்கிலீஷ்காரன் பரீட்சைக்குப் படித்தால் அதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறான், பொழுதுபோக்காகப் படித்தால் வேறு வார்த்தை. நமக்கு இரண்டும் படிப்புதான். 'வாசிப்பு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் பேச்சில் பாதிப் பேருக்கு அது நாகஸ்வரம், வீணை பக்கம் போய்விடுகிறது. "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால் "பி.காம்." என்றுதான் பதில் வரும், "ஜெயகாந்தன்" என்று வராது. படித்தால் பாஸ் பண்ண வேண்டும். பாஸ் பண்ணினால் வேலை கிடைக்க வேண்டும். வேலை கிடைத்துவிட்டால்? அதான் படிச்சு முடிச்சாச்சே! ஜுரம் விட்டபிறகு எவனாவது மாத்திரை சாப்பிடுவானா?

கதை படிக்கிறது வேறு விஷயம் என்று சொல்லிக்கொடுத்தார்களா என்றால், அதுவும் தலைகீழாகத்தான் நடந்தது. "படிக்காம கதைப் புஸ்தகம் படிச்சிட்டிருக்கான்!" இந்த வாக்கியத்தை உங்கள் அம்மாவோ அப்பாவோ சொல்லியிருப்பார்கள். நிதானமாக இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். 'படிக்காமல் படிக்கிறான்'! உலகத்தில் வேறெந்த பாஷையிலாவது ஒரு குழந்தையை இப்படித் திட்ட முடியுமா தெரியவில்லை. இதைக் கேட்ட இரண்டு பையன்களில் ஒருவன் பூகோளப் புத்தகத்துக்குள்ளே 'இரும்புக்கை மாயாவி'யை ஒளித்து வைத்துப் படித்தான். இன்னொருவன் நல்ல பிள்ளை, அப்பா சொன்னபடி கேட்டான். நாற்பது வயதில் முதலாமவன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். நல்ல பிள்ளை நிறுத்திவிட்டது.

பள்ளிக்கூடத்தில் 'நான்-டீடெய்ல்' என்று ஒரு புத்தகம் தந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? துணைப்பாடம். ஏதாவது கதையோ, யாருடைய வாழ்க்கை வரலாறோ இருக்கும். அதைக் கண்டுபிடித்த புண்ணியவான்களின் எண்ணம் நல்லதுதான். வரி வரியாக அர்த்தம் சொல்லி வதைக்காமல், பிள்ளைகள் சும்மா சந்தோஷமாகப் படிக்கட்டுமே என்பதற்காக வைத்தது. நாம் என்ன செய்தோம்? அதற்கும் பத்து மார்க் போட்டு, 'கதைச் சுருக்கம் வரைக' என்று கேள்வி போட்டு, அந்தச் சுருக்கத்தையும் நோட்ஸ் போட்டு விற்றோம்.

யார் படிக்கிறவர், யார் படிக்காதவர் என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. ஜூன் மாதம் புதுப் புத்தகம் வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி... அந்த முதல் வாரத்திலேயே நான்-டீடெய்லை முழுக்கப் படித்து முடித்தவரா நீங்கள்? அல்லது மார்ச் மாதம் நோட்ஸில் சுருக்கத்தை மட்டும் உருப்போட்டவரா? ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த சோதனை பிசகியதே இல்லை.

சரி, ஆனால் அந்த முதல் வாரத்துப் பையனுக்கு ஏன் அது இனித்தது? இங்கேதான் விஞ்ஞானிகள் வருகிறார்கள்.

பேச்சு நமக்குத் தானாக வருகிறது. யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. எழுத்து அப்படியில்லை. மனிதன் எழுத ஆரம்பித்தே சுமார் 5000 வருஷம்தான் ஆகிறது. மூளையில் படிப்பதற்கென்று தனி இலாகா ஒதுக்க அந்தக் காலம் போதாது. அதனால் ஒவ்வொரு குழந்தையும் முகங்களையும் சாமான்களையும் அடையாளம் கண்டுகொள்கிற பகுதிக்குப் பக்கத்தில், இடது பக்கம் பின்னால், கொஞ்சம் இடத்தை மடக்கிப் போட்டு எழுத்துக்குக் குடிவைக்கிறது. ஸ்டானிஸ்லாஸ் தெஹான் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆக, படிப்பது என்பது சைக்கிள் ஓட்டுகிற மாதிரி. கற்றுக்கொண்டு, பிறகு பழக்கத்தால் மறந்து போக வேண்டிய வித்தை. படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தவளை மாதிரி தத்தித் தத்திப் போகிறது. பழகினவனுக்குத் தாவுவதே தெரியாது. எழுத்து மறைந்து போய், கண் முன்னால் வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டிருப்பான். பழகாதவனுக்கு 'வ'வும் 'ந்'தும்தான் தெரியும். குதிரை வரவே வராது!

1986-ல் கீத் ஸ்டனோவிச் என்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை எழுதினார். இருக்கிறவனுக்கு மேலும் சேரும், இல்லாதவனிடம் இருப்பதும் போய்விடும் என்ற பொருளில் பைபிளில் மத்தேயு சொல்வதை வைத்து, அதற்கு 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்தார். முதல் இரண்டு வருஷத்தில் கொஞ்சம் வேகமாகப் படிக்க வந்துவிட்ட குழந்தைக்குப் படிப்பது லேசாக இருக்கிறது. லேசாக இருப்பதால் இன்னும் படிக்கிறது. படிக்கப் படிக்க வார்த்தைகள் சேர்கின்றன. வார்த்தைகள் சேரச் சேர அடுத்த புத்தகம் இன்னும் லேசாகிறது. தடுமாறுகிற குழந்தைக்கு இதெல்லாமே எதிர்த் திசையில் நடக்கிறது. மீட்டர் வட்டி மாதிரி! ஒண்ணாம் கிளாஸில் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் ஒரு சாண். முப்பது வயதில் அது சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே உள்ள தூரம்.

ஆகவே, "புஸ்தகத்தை எடுத்தாலே தூக்கம் வருது ஸார்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே வேலை. ராத்திரி பத்து மணிக்கு மூட்டை தூக்கச் சொன்னால் யாருக்குத்தான் தூக்கம் வராது? இன்னொரு சின்ன சமாசாரம். நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் படிப்பதை நிறுத்தியதற்குக் காரணம் வெறும் வெள்ளெழுத்து. தத்துவ ரீதியாக என்னென்னவோ சொல்வார்கள். ஒரு கண்ணாடி போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதிலே ஒரு கூடுதல் கஷ்டம் இருக்கிறது. வீட்டில் "அவன் வந்துட்டான்" என்று பேசுகிறான். புத்தகத்தைத் திறந்தால் "அவன் வந்துவிட்டான்" என்கிறது. "எனக்குத் தெரியாது" என்று அழுத்தம் திருத்தமாக எந்த வீட்டில் பேசுகிறார்கள்? படிக்க உட்காரும் குழந்தை, தன் வீட்டில் ஒருவரும் பேசாத ஒரு பாஷைக்குள் முதல் நாளே தள்ளிவிடப்படுகிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் சி.பா. ஆதித்தனார். 1942-ல் 'தந்தி'யை ஆரம்பித்து, சாதாரண ஜனங்கள் பேசுகிற தமிழுக்குக் கிட்டத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுத வைத்தார். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். டீக்கடையில் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகினவர்கள் ஆயிரக்கணக்கில். பின்னாளில் சுஜாதா எழுத வந்தபோது வசந்த் பேசுகிற தமிழ் நாம் பஸ்ஸில் கேட்கிற தமிழாக இருந்தது. 'படிக்கிற' உணர்ச்சியே இல்லாமல் ஜனங்கள் படித்துவிட்டார்கள்.

இன்றைக்குக் கதை வேறு. பையன் இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷ் படிப்பது மார்க்குக்காக. அதில் சிரிக்க வராது, அழ வராது. தமிழில் சிரிப்பும் வரும் அழுகையும் வரும், ஆனால் பஸ் போர்டைத் தாண்டி வேகமாகப் படிக்க வராது. இரண்டு பாஷை தெரிந்தும் ஒன்றிலும் தாவ முடியாத தவளை! இப்படி ஒரு தலைமுறையே நம் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவர்களைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். அவர் எட்டாவதோடு நின்றதற்குக் காரணம் அவர் சொல்லித் தெரியவில்லை, தம்பி சொல்லித்தான் தெரிந்தது. அப்பா திடீரென்று போய்விட்டார். கடையை யாராவது பார்க்க வேண்டும். மூத்தவர் கல்லாவில் உட்கார்ந்தார், காலை ஐந்தரை மணி முதல் ராத்திரி பத்தரை வரை. இளையவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடை வாசலில் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, எடைக்கு வந்த அம்புலிமாமாவையும் முத்து காமிக்ஸையும் படித்தார். "அண்ணன் அப்பல்லாம் அதைக் கிழிக்க மாட்டார் ஸார். நான் படிச்சு முடிச்சப்புறம்தான் பொட்டலம் மடிப்பார்" என்றார் தம்பி. ஒருவர் படிப்பதற்கு இன்னொருவர் படிக்காமல் இருந்தது கணக்கில் வராமல் போய்விடுகிறது. நிறைய வீடுகளில் அக்காக்கள் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

அந்த எடைக்கு வந்த அம்புலிமாமா என்கிற சங்கதியை லேசாக விட்டுவிடக் கூடாது. படிக்கிற மனிதனைப் பிடித்து, "முதல்ல என்ன படிச்சீங்க?" என்று கேட்டால், திருக்குறள் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். 1947-ல் ஆரம்பித்த அம்புலிமாமாவின் வேதாளம், 1972-ல் வந்த முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட மாத நாவல்கள்... ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர்! விழுப்புரத்தில் பஸ் ஏறினால் திருச்சி வருவதற்குள் கொலைகாரன் பிடிபட்டுவிட வேண்டும். பிடிபட்டான். அதிலிருந்து சுஜாதா, பாலகுமாரன். அங்கிருந்து கையைப் பிடித்துக்கொண்டு அசோகமித்திரன், தி. ஜானகிராமன் என்று சிலர் ஏறிப் போனார்கள். பலர் நடுப்படியிலேயே சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார்கள். அதிலும் தப்பில்லை.

இந்த ஏணியில் ஒரு தமாஷ் பாருங்கள். மேல் படியில் நிற்கிறவன் கீழ்ப் படியில் நிற்கிறவனைக் கேவலமாகப் பார்ப்பான், தான் அதே படியில் கால் வைத்துத்தான் ஏறினான் என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டு. "அதெல்லாம் ஒரு எழுத்தா?" என்பான். என் அபிப்பிராயம், தமிழ்நாட்டில் படிக்கிறவர்களின் எண்ணிக்கையை உயர்த்தியதில் இலக்கியவாதிகளைவிட வேதாளத்துக்கும் இரும்புக்கைக்கும் பங்கு அதிகம். அம்புலிமாமா இப்போது வருவதில்லை. மாத நாவல்களுக்கு அந்த மவுசு இல்லை. கீழ்ப் படிகளை உருவிவிட்டு, மேல் படிக்கு ஆள் வரவில்லையே என்று கூட்டம் போட்டுப் பேசினால் எப்படி?

அவ்வப்போது திடீர் ஏணியும் முளைக்கிறது. 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் வாரா வாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, பெண்ணுக்குச் சீர் மாதிரி பாதுகாத்த வீடுகள் உண்டு. 2022-ல் மணிரத்னம் படமாக எடுத்தாரோ இல்லையோ, அதுவரை புத்தகக் கடை வாசலை மிதிக்காதவர்களெல்லாம் ஐந்து பாகத்தையும் கட்டாக வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று சில வீடுகளில் பார்த்தேன். முதல் பாகத்தின் முதுகு மட்டும் நைந்திருக்கிறது. இரண்டாம் பாகம் சுமார். மூன்று, நாலு, ஐந்து... நேற்று அச்சாபீஸிலிருந்து வந்த மாதிரி பளபள! ஆனாலும் ஒரு பாகம் நைந்ததே, அது சும்மாவா?

நூலகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று கொண்டாடப்படுகிற எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். போன வேகத்தில் அவருக்கு அலுத்துவிட்டது! ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் தனியாக எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பது? "என்னை மறுபடியும் கணக்குச் சொல்லிக்கொடுக்கவே விட்டுவிடுங்கள்" என்று போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஜனங்கள் நூலகத்தைப் பயன்படுத்துகிற விதத்தைப் பார்த்தார். ஒரு கடையில் பிள்ளைகள் விளையாடும் 'மெக்கானோ' செட்டைப் பார்த்தார். சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்கிற அந்த யோசனையை வைத்தே புத்தகங்களை வகைப்படுத்த ஒரு முறை கண்டுபிடித்து, உலகப் புகழ் பெற்றார். நூலகத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்கிறவர்கள், தாராளமாக இவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கென்று ஒரு புத்தகம் உண்டு என்று அடித்துச் சொல்கிறார். புத்தகம் அலமாரியில் உட்கார்ந்து ஆளை எதிர்பார்க்கக் கூடாது, தேடிப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்தில், கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாட்டில், ஒரு மாட்டு வண்டி நிறையப் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். வைக்கோல் வரும் என்று பார்த்த ஜனங்கள் முன்னால் புத்தகம் வந்து இறங்கியதை நினைத்துப் பாருங்கள்! பிறகு 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கிறார்கள். ஆக, சொந்த வீடு இருக்கிற ஒவ்வொருவரும், ஒரு பக்கம்கூடப் படிக்காவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் படிப்பதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். இந்த ஆத்திரத்திலாவது ஒரு நாள் போய் ஒரு புத்தகம் எடுத்து வரலாம். ஒரே சிக்கல், நீங்கள் ஆபீஸ் விட்டு, டிராஃபிக் தாண்டி வந்து சேர்வதற்குள் பல கிளை நூலகங்களைப் பூட்டிவிட்டிருப்பார்கள். வேலைக்குப் போகிற ஆம்பிளை, பொம்பிளை படிக்கணும் என்று யாராவது நினைத்தால் முதலில் அந்த சாவிக்கொத்தை இரண்டு மணி நேரம் தாமதப்படுத்தலாம். 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டிலும் கூட்டம். இடமும் வசதியும் கொடுத்தால் ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் பாதி மேஜைகளில் விரிந்திருப்பது டி.என்.பி.எஸ்.ஸி. கைடு. மறுபடியும் அதே 'படிப்பு'!

படிக்காதவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிற படித்த ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரியெல்லாம் கூத்து. கீழே உட்கார்ந்திருக்கும் கிழவி எழுத்தறியாதவளாக இருப்பாள். கர்ணனுக்கும் குந்திக்கும் நடுவே என்ன நடந்தது என்பதில் உங்களை மடக்கிவிடுவாள். கேரளத்தில் கண்ணூர் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தங்களில் ஒருவரை உட்கார வைத்து, காலையில் பேப்பர், மத்தியானம் நாவல் என்று உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அவர் படிக்கிற நேரத்துக்கு அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கை பீடியில், காது கதையில்! நம் ஊர் சலூனில் ஒருவர் உரக்கப் படிக்க, சோப்பு நுரைக்குள்ளிருந்து நாலு பேர் விவாதம் பண்ணியதும் இந்த வகைதான்.

எதிர் கோஷ்டியின் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். பயோடேட்டாவில் 'ஹாபி' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா தானாகவே 'ரீடிங் புக்ஸ்' என்று எழுதிவிடுகிறது. இன்டர்வியூவில் "கடைசியா என்ன புக் படிச்சீங்க?" என்று கேட்டதும், பையன் டையைத் தளர்த்திக்கொண்டு அப்துல் கலாமைக் கூப்பிடுவான். கலாம் எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று கணக்கே கிடையாது! இன்னும் சிலர் வாங்குவார்கள், அடுக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஜனவரி மாதம் சென்னைப் புத்தகக் காட்சியில் இரண்டு கை நிறையப் பை. அடுத்த ஜனவரியில் பையிலேயே இருக்கும். 1977-லிருந்து நடக்கிற அந்தத் திருவிழாவில் மிளகாய் பஜ்ஜிக்கும் ஒரு நிலையான வாசகர் வட்டம் உண்டு என்பது வேறு விஷயம்.

"எனக்கு வயசாச்சு, இனிமே எங்க?" என்று கேட்பவர்களுக்குத்தான் இத்தனையும் சொன்னேன். 2010-ல் தெஹானும் அவருடைய சகாக்களும் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடமே போகாமல், வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் எழுத்து குடியேறியிருந்தது. லேட்டாக வந்தாலும் வீடு கிடைத்துவிட்டது. 2017-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி நம் உத்தரப் பிரதேசத்தில், லக்னோ பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. முப்பது வயதை ஒட்டிய, எழுத்தறியாத பெண்களுக்கு ஆறே மாதம் இந்தி படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மூளையின் அடிப்பாகம் வரை மாறுதல் தெரிந்தது.

விஞ்ஞானம் வேண்டாம் என்றால் புதுக்கோட்டை இருக்கிறது. 1991-ல் அறிவொளி இயக்கம் அங்கே போனபோது, கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள், பாடம் கற்றுக்கொண்டதோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கூலிக் கணக்கைத் தாங்களே படித்தார்கள். அப்புறம் ஒரு பிரச்னை வந்தது, படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் எதைப் படிப்பது? பெரிய எழுத்தில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள் போட்டுத் தெருவிளக்கு அடியில் சேர்ந்து படித்தார்கள். கைக்குப் புத்தகம் வந்து சேராத இடத்தில், கற்ற எழுத்தும் மெல்ல மெல்லக் கண்ணை விட்டுப் போய்விட்டது. மத்தேயு சொன்ன அதே கணக்கு.

கி. ராஜநாராயணன், பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்கினவன் என்று தம்மைச் சொல்லிக்கொள்வார். முதல் கதை அச்சில் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. அப்புறம் 1991-ல் சாகித்ய அகாதமி பரிசு. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்! ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவரைப் படிக்க வைத்தது கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸும் அச்சுக்கூடமும். இந்த இரண்டு பேருமே 'படிச்சு முடிச்ச' ஆட்கள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் ஒரு நாள் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே அரைக் கிலோ துவரம் பருப்பு நிறுத்தார். "சரி, அந்தக் கடல் புறா... அதுல அந்தப் பொண்ணு கடைசியில யாரைக் கட்டிக்கிட்டா?" என்றார்.

நான் திகைத்துப் போனேன். "உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"பொட்டலம் மடிக்கிறப்ப கண்ணுல படத்தானே செய்யும்? வரிசையாத்தான் கிழிச்சேன். நடுவுல தம்பி புடுங்கிட்டுப் போயிட்டான்."

முழு செட்டையும் தம்பியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், ஊதுபத்தி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிறது. நேற்றுப் பார்த்தபோது முதல் பாகத்தில் நாற்பதாவது பக்கத்தில் ஒரு பாக்குப் பொட்டலத்தை அடையாளம் வைத்திருந்தார்.